மூன்று மிதி

அந்த அக்கா புடவைக்கு மேலே ஆண்கள் போடுகிற காக்கிச் சட்டை போட்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு சீப்பு, ஒரு பேனா, ஒரு சிவப்பு நகப்பாலிஷ் பாட்டில். நகத்துக்குப் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டி பேட்டரியின் அடியில் ஒரு புள்ளி, ஸ்டெப்னியில் ஒரு புள்ளி, ஜாக்கியில் ஒரு புள்ளி. யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாது என்பதற்காக. கோயிலுக்குப் போனால் செருப்புக்கு அடியில்கூட ஒரு புள்ளி இருக்கும். தேய்ந்த செருப்பை எவன் எடுக்கப் போகிறான் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதற்கு, "என்னுத விட தேஞ்சதப் போட்டுக்கினு வந்தவன் எடுப்பான்" என்றார்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருந்த ஒரு ஆயில் சர்வீஸ் கடையில் வேலை செய்தேன். என் வேலை குழிக்குள். மேலே வண்டி வந்து நிற்கும், நான் அடியில் நின்று போல்ட்டைக் கழற்றுவேன். குழிக்குள் இருப்பவனிடம் யாரும் பேச வரமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவுக்கு ஊர் கரியாலூருக்கு இன்னும் மேலே. ஒரு டாக்டர் ஓட்டிவிட்டு விற்ற டீசல் கார் ஒன்றை வாங்கி, மலையிலிருந்து ஆட்களைக் கீழே கொண்டுவருவார். ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க. பஸ் இருக்கிறதுதான். ஆனால் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் காய்ச்சல் வரவேண்டும் என்று மலையில் யாராலும் சொல்ல முடியாது. அந்த வண்டி ஓடினால்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரியும். அது நின்றால் அந்த ஊரும் பாதி நின்றுபோகும். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டியை அவர் குழி மேல் ஏற்றிவிட்டு இறங்கி, கதவை அழுத்திச் சாத்தாமல் கையால் தள்ளி மூடுவதைப் பார்த்தாலே தெரியும்.

முதல்முறை வந்தபோது ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, குனிந்து கையை விட்டு, அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முதலாளி வாய் உள்ளவர்.

"இன்னாம்மா, ஃபில்டருக்கு வளகாப்பா?"

"வளகாப்பு இல்லீங்க. கொழந்த மாறிடக் கூடாது இல்ல, அதான்."

அன்றைக்கு முதலாளியும் சேர்ந்து சிரித்தார். பழைய ஆயில் கடைசிச் சொட்டு வடிகிறவரை அக்கா குழி ஓரத்தில் குந்தியிருந்தார். புது டப்பாவின் சீலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே உடைத்தார். கழற்றிய ஃபில்டரில் புள்ளியைப் பார்த்து, அதை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ஆயில் வடியும்போது அவரே சொன்னார். அவருடைய அப்பா புளி மூட்டைகளை மலையிலிருந்து இறக்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு வியாபாரியிடம் போடுவாராம். நல்ல புளி மூட்டை மாறி, ஓடும் கொட்டையுமாக இருக்கிற மூட்டையை இதுதான் உன்னுடையது என்று காட்டுவார்களாம். ஒரு வருஷம் அப்பா தன் மூட்டை வாயில் சிவப்பு நூல் போட்டுத் தைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு நூல் மூட்டை வியாபாரியின் குவியலில் இருந்தது. அதைக் காட்டினால், மலைக்காரன் எல்லாருமே சிவப்பு நூலில்தான் தைக்கிறான் என்று வியாபாரி சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் மலைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"வாய் இருக்கறவன் ஏமாத்துவான் தம்பி. பேசாதவன் ஏமாற மட்டும்தான் செய்வான். எங்கப்பா மாதிரி. ஒன்ன மாதிரி."

என்னைப் பற்றி ஒருவர் அவ்வளவு நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் குழிக்குள் குனிந்துகொண்டேன். எனக்குப் பேசக் கூச்சம், அவ்வளவுதான். அதை அவர் நேர்மை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வண்டியில் ஒரு சின்னத் திரை உண்டு. ஆயில் லைஃப் என்று போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். மாற்றிய அன்று நூறு. பிறகு தொண்ணூறு, எண்பது என்று இறங்கிக்கொண்டே வரும். சைபருக்குப் பக்கத்தில் வந்தால் மாற்றச் சொல்லும். எங்கள் கடையில் அது என்னவென்று யாருக்கும் தெரியாது. அக்கா பத்தாவது வரை படித்தவர். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, போனில் ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டு அர்த்தம் பார்த்துப் படித்திருந்தார். புது ஆயில் ஊற்றியதும் அதற்குச் சொல்ல வேண்டுமாம். சாவியை ஆன் செய்து, இன்ஜினை எடுக்காமல், ஆக்சிலேட்டரை ஐந்து நொடிக்குள் மூன்று தடவை முழுசாக மிதிக்க வேண்டும். திரை நூறுக்குப் போய்விடும். அவருடைய கால் பெடலில் கடைசிவரை அழுந்தவில்லையோ என்னவோ, இரண்டு தடவை ஆகவில்லை. என்னை உட்காரச் சொன்னார். நான் மிதித்தேன், நூறு வந்தது. அதிலிருந்து அந்த மூன்று மிதி என் வேலை ஆகிவிட்டது.

அந்தத் திரை ஆயிலை எப்படிப் பார்க்கிறது என்று எனக்கு ஆச்சரியம். அக்காவிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அது எங்க பாக்குது. அதுக்குக் கண்ணு கெடையாது. இன்ஜின் எத்தினி சுத்து சுத்துச்சி, எவ்ளோ சூடாச்சின்னு எண்ணிக்கினே வரும். எண்ணி, இவ்ளோ ஒழச்சிருந்தா ஆயில் இவ்ளோ கெட்டிருக்கும்னு சொல்லும். ஆயில்ல கைய வெச்சிப் பாக்காது. கம்மியா இருந்தாலும் தெரியாது. நாம மாத்திட்டோம்னு சொன்னா அப்டியே நம்பிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் எங்கப்பா மாதிரிதான்" என்றார்.

இந்தத் திரையால்தான் முதலாளிக்கு அக்காவைப் பிடிக்காமல் போனது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்றினால் போதும் என்று எங்கள் கடை ஸ்டிக்கரை எல்லா வண்டியிலும் ஒட்டுவோம். அக்கா ஆறாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றார், திரையில் இரண்டுதான் இருக்கிறது என்று. முதலாளி திரை கெட்டுப்போச்சு என்றார். அக்கா விடவில்லை. நான்கு வண்டிக்காரர்கள் நிற்கும்போது, தரையில் ஓடுகிற பத்தாயிரமும் மலையில் ஓடுகிற பத்தாயிரமும் ஒன்றா என்று கேட்டார். செகண்ட் கியரிலேயே ஏறுகிற வண்டி, கொண்டை ஊசி வளைவுக்கு ஒருதரம் சூடாகிற இன்ஜின், கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் எப்படி. அங்கே நின்ற வடக்கனந்தல் டிராக்டர்காரர், அந்தம்மா சொல்றது நியாயம்தான் என்று சொல்லிவிட்டார். டிராக்டரிலேயே கிலோமீட்டர் பார்ப்பதில்லை, எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் பார்ப்போம் என்றார். முதலாளி முகம் சின்னதாகிவிட்டது.

இன்னொரு நாள், ஏர் ஃபில்டரையும் மாற்றியே ஆகவேண்டும் என்று முதலாளி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது நல்ல நிலையில் இருந்தது. முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். எனக்கே தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன், வேண்டாம் என்று. அக்கா அதைப் பார்த்துவிட்டார். முதலாளியிடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு பை சாமை அரிசி கொண்டுவந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாமை கொடுத்த பிறகும் அவர் ஃபில்டரில் புள்ளி வைப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வைப்பார். முதலாளிக்காக வைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போல்ட்டைக் கழற்றுவது என் கை. ஒவ்வொரு புள்ளியும் என் கையைப் பார்த்து வைத்த மாதிரி இருக்கும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே எங்கேயோ அது படிந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள். எங்களுக்கு அதைவிடக் கூட்டமான நாள் கிடையாது. ரோடு வரை வண்டிகள் நின்றன. அக்கா வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. பலா மரத்திலிருந்து விழுந்தவர் ஒருவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். ரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டும், உடனே திரும்பிப் போக வேண்டும். திரையில் மூன்று காட்டியது. அவர் சட்டைப் பையைத் தொட்டார். பாட்டிலை எடுத்தார். மூடி இறுகியிருந்தது, திருகினார், வரவில்லை. என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"நீ இருக்கற இல்ல. போதும்."

சாவியை என் கையில் வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

நான் ஃபில்டர் ஸ்பானரை எடுத்தேன். முதலாளி வந்து பார்த்தார். வண்டியில் ஆள் இல்லை, புள்ளி இல்லை. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது.

"மேலாக்க ஒரு லிட்டர் ஊத்து. மூணு மிதி மிதிச்சி நூறாக்கி வுடு. இத்தினி நாளு நம்மளத் திருடன்னு புள்ளி வெச்சிக்கினு இருந்தா இல்ல, ஒரு தபா திருடனாவே இருப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் கொஞ்சம் இருந்தது. அடியில் படிந்திருந்தது அன்றைக்கு மேலே வந்தது.

ட்ரம்மில் கிடந்த ஏதோ ஆயிலில் ஒரு லிட்டர் ஊற்றினேன். சீட்டில் உட்கார்ந்து, சாவியை ஆன் செய்து, மூன்று தடவை மிதித்தேன். நூறு வந்தது. குப்பையில் கிடந்த வேறு ஒரு வண்டியின் பழைய ஃபில்டரை எடுத்துப் பையில் போட்டு சீட்டில் வைத்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். மரத்திலிருந்து விழுந்தவர் பிழைத்துக்கொண்டார் என்றார். "மாத்திட்டியா தம்பி?" என்று கேட்டார். முன்பு ஒரு நாள் வேண்டாம் என்று ஆடிய தலை, அன்றைக்கு ஆமாம் என்று ஆடியது. பையில் இருந்த ஃபில்டரை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டி கடை வழியாகப் போகும்போதெல்லாம் என் காது அங்கேயே இருக்கும். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒருநாள் டயருக்குக் காற்று அடிக்க வந்தார். துணிந்து, ஆயிலை ஒருதரம் பார்த்துவிடலாம் அக்கா என்றேன். அவரே பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அளவு சரியாக இருந்தது, நான்தான் ஊற்றியிருந்தேனே. நிறம் தார் மாதிரி.

நான் அந்தக் கறுப்பைக் காட்டினேன். "டீசல் வண்டி, போட்ட ரெண்டாம் நாளே கறுத்துப் பூடும்னு நீதானே சொன்ன" என்று சிரித்தார். நான் சொன்னதுதான், உண்மையும்கூட. திரையைக் காட்டி, இன்னும் ஐம்பத்தொன்று இருக்கிறது என்றார். அவர் முகம் என்னைப் பார்த்தபடி இருந்தது, இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று. நான் காற்றுக் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

தை மாசம் கரியாலூர் போகிற ஏற்றத்தில் வண்டி நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம், ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நடந்தே போனார்கள். அக்கா வண்டியைக் கட்டி இழுத்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து வேறொரு மெக்கானிக் பட்டறையில் விட்டார். அந்த மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஆயில் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா எங்கள் கடைக்கு நடந்து வந்தார். கையில் டிபன் பாக்ஸ் மூடி. அதில் அந்தச் சட்டியிலிருந்து வழித்த ஆயில், களி மாதிரி கறுப்பாக ஒரு உருண்டை. அதை முதலாளி மேசை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. முதலாளிதான் போட்டார். மலைச் சூட்டுக்கு எந்த ஆயிலும் இப்படித்தான் ஆகும், நான் அன்றைக்கே கிலோமீட்டர் பார்க்கச் சொன்னேன், அந்தத் திரைப் பெட்டியை நம்பினால் இதுதான் கதி என்றார். பட்டறைக்காரன் உனக்குச் செலவு வைக்கப் பார்க்கிறான் என்றார். கடைசியில், "என்ன நம்ப வாணாம். ஒன் தம்பி இருக்கறானே, அவனையே கேளு" என்று குழிப் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா குழி ஓரத்துக்கு வந்து, எப்போதும் குந்துகிற இடத்தில் குந்தினார். எனக்கு நேரே அவர் முகம்.

"நின்னுபோன அப்பவும் பதினெட்டு காட்டிக்கினு இருந்துச்சி தம்பி. பட்டறையில இப்ப சாவியப் போட்டாலும் பதினெட்டுதான் காட்டுது. நீ மாத்துன இல்ல?"

முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆட்டாமலும் இல்லை. வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது, நாம் சொல்வதை நம்பிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மூன்று மிதியை மிதிக்கிறவன் யார் என்று தெரிந்தவர். அந்த யோசனையில் இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அந்த எட்டை அவர் வைக்கவில்லை.

"அப்ப பொட்டிதான் பொய் சொல்லியிருக்குது" என்றார். "அதுவா நீயான்னா, அதுதான்."

எழுந்து போய், முதலாளியிடம் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னார். மூடியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.

அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் மூன்று வருஷம் அதே குழிக்குள்தான் நின்றேன். இன்ஜினைச் சரிசெய்ய அக்காவால் முடியவில்லை. வண்டி அவர் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம், பின் சீட்டில் கோழி அடைகாக்கிறதாம். அவர் குடகுப் பக்கம் காப்பி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறார். ஆட்களை ஏற்றுகிற வேனில், நெருக்கிக்கொண்டு பதினைந்து பேரோடு. மலை ஊரில் காய்ச்சல்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். இப்போது வடக்கனந்தல் ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் குழி இருக்கிறது. மலையிலிருந்து எந்த வண்டி இறங்கினாலும் மற்ற கடைகளைத் தாண்டிக்கொண்டு இங்கே வருகிறது. அக்கா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒருவர் வந்தார். அந்த வண்டியிலும் அதே மாதிரி ஒரு திரை. அதைக் கையால் தட்டி, "இத நம்பாத, அந்தத் தம்பிய நம்புன்னு எங்க ஊரு அக்கா சொல்லிச்சி" என்றார். என் கடையில் ஒரு சிவப்பு நகப்பாலிஷ் பாட்டில் வைத்திருக்கிறேன். வாங்கும்போது கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டுச் சிரித்தாள். அதை அவரிடம் நீட்டி, ஃபில்டரில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வடிகிறவரை நின்று பாருங்கள் என்றேன்.

"ஒங்கிட்ட அதெல்லாம் வாணாம்ணா. அதையும் அக்காவே சொல்லிச்சி."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நானே ஒரு புள்ளி வைத்தேன். கடைசிச் சொட்டு வடிகிறவரை காத்திருந்தேன். புது ஃபில்டர் போட்டு, சீலை உடைத்து ஆயிலை ஊற்றி, உட்கார்ந்து மூன்று தடவை மிதித்தேன். நூறு வந்தது. அவர் திரும்பி வந்ததும் புள்ளி வைத்த பழைய ஃபில்டரை, புள்ளி மேலே தெரிகிற மாதிரி பிடித்துக் கொடுத்தேன். வாங்கினார். பார்க்காமலே அதைக் குப்பை ட்ரம்மில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.